தோள்சீலை

தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், 19ஆம் நூற்றாண்டில் நாடார் பெண்கள் நடத்திய போராட்டத்தை மலையாளத்தில் ‘மாறு மறய்க்கல் சமரம்’ என்பார்கள். மாறு என்பது மார்பு. தமிழில் அது ‘தோள்சீலைக் கலகம்’. சண்டை எதைப் பற்றியது என்பதைத் தமிழ்ப் பெயர்தான் சரியாகச் சொல்கிறது. ‘கலகம்’ என்ற பாதியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உரிமை கேட்டவர்கள்மேல் பழி போடும் சொல் அது.

சீலை என்றால் துணி. நாயர் பெண்கள் மேலே போர்த்தித் தோளில் இட்டுக்கொண்ட தனித்துணியே தோள்சீலை. வெயிலுக்கோ நாணத்துக்கோ வந்ததல்ல, அது அந்தஸ்தின் அடையாளம். மேல்சாதியார் முன் அதை நீக்குவதே மரியாதை என்றிருந்தது. நாடார் பெண்களுக்கு அது அடியோடு விலக்கு.

லண்டன் மிஷன் ஊழியர்கள் மார்பு மூடாமல் இருப்பதை நாகரிகக் குறைவாகவே பார்த்தார்கள். அவர்கள் முன்வைத்தது குப்பாயம், தைத்த சட்டை. சீவக சிந்தாமணியில் மிலேச்சன் அணியும் உடையாக வரும் பழஞ்சொல் அது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் குப்பாயம் அணிந்துவந்தார்கள். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ 1810களில் கிறிஸ்தவரான நாடார் பெண்களுக்கும் அதை அனுமதித்தார். நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். ஊசியும் நூலும் கைக்கு வந்தன, கொஞ்சம் காசும் வந்தது.

பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் தோள்சீலையும் இட்டார்கள். மிஷன் கொடுத்தது உடலை மறைக்கும் சட்டை. இவர்கள் எடுத்துக்கொண்டதோ சமத்துவம். அதனால்தான் சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, மிஷன் கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829 அரசாணை குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையை மறுத்தது. மறைப்பதுதான் வழக்கென்றால் அன்றே அது தீர்ந்திருக்க வேண்டும்!

தீரவில்லை. 1858இல் மீண்டும் மோதல் மூண்டது. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியபின், 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை இட்டார். மதம் மாறாத நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம்; முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம்; வேறு எப்படியும் மார்பை மறைக்கலாம்; மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அந்தக் கடைசி விலக்குக்குள் அடங்கியிருந்தது தோள்சீலை ஒன்றுதான்.