வீட்டில் ஒரே செல்போன்... பாட வீடியோவை எதில் பார்ப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் அப்பாவோடு வீட்டின் ஒரே செல்போனும் ஷிப்ட்டுக்குப் போயிட்டா, பத்தாம் வகுப்பு பிள்ளை பாட வீடியோவை எதில் பார்க்கும்? அரசு தரும் வழிகள் இவை.

கல்வித் தொலைக்காட்சி: 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடம் இதில்தான் வீடு தேடி வந்தது. இன்டர்நெட் வேண்டாம், டிவி போதும். தவறவிட்ட பாடங்களை யூடியூபில் பார்க்கலாம்.

க்யூஆர் கோடு: 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் இருக்கும். 'தீக்‌ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும்.

மணற்கேணி: 2023-ல் வந்த இலவச செயலி. 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோக்களாகப் பிரித்து விளக்குகிறது.

போன் கிடைக்கலைன்னா?

பள்ளியில் ஹைடெக் லேப் அல்லது ஸ்மார்ட் போர்டு இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு அங்கேயே பார்க்கலாம். ராத்திரி போன் கைக்கு வந்ததும், புரியாத பகுதியை மட்டும் பாருங்க. நடுவில் நிறுத்தி, அதே கணக்கை நோட்டில் போட்டுப் பாருங்க. எங்கே தடுமாறுதுன்னு அப்போதான் தெரியும். அந்த இடத்தைக் குறித்து வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்க. திருப்பிக் கேள்வி கேட்டால் வீடியோ பதில் சொல்லாது, ஆசிரியர் சொல்வார்.