பூனா, 1855: ஒரு சிறுமியின் உரைநடை

சாவித்ரிபாய் பூலேயைப் பற்றி யார் பேசினாலும் சாணியும் மாற்றுப் புடவையும் வந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவர்மேல் சாணியும் கல்லும் எறிந்தார்கள், அவர் கையோடு இன்னொரு புடவை எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார் என்பது கதை. நல்ல கதைதான், ஆண்டு விழா மேடைக்கு ஏற்றது. ஆனால் பள்ளிக்கூடத்தின் வாசலோடு நின்றுவிடுகிற கதை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் யார், கற்ற எழுத்தைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க அது இடம் தருவதில்லை. ஆசிரியையின் தியாகத்தை வியந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பெண்கல்வியைப் பற்றி நம் சரித்திரக்காரர்கள் எழுதியதில் பெரும்பகுதி இப்படி வாசலில் நின்று எழுதியதுதான்.

வாசலில் நடக்கிற இன்னொரு சர்ச்சை, 'முதல்' எது என்பது. 1848-ல் பூனா புதவார் பேட்டையில், பிடே என்பவருடைய வாடாவில் பூலே தம்பதிகள் தொடங்கியதே இந்தியாவின் முதல் பெண்கள் பள்ளி என்று எழுதிவிடுகிறார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பெண்களுக்குப் பள்ளி வைத்தது 1707-ல். பம்பாயில் அமெரிக்க மிஷன் 1824-லேயே ஒன்று திறந்துவிட்டது. சாவித்ரிபாயே அகமத்நகரில் அந்த மிஷனின் சிந்தியா ஃபாரரிடம் பயிற்சி பெற்றவர். அந்த அம்மையார் பம்பாய்க்கு வந்து இறங்கியது 1827-ல், சாவித்ரிபாய் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். 'முதல்' என்ற மகுடம் இல்லாவிட்டால் இவர்கள் காரியம் குறைந்துபோய்விடும் என்று நினைக்கிறவர்கள், அந்தக் காரியம் என்ன என்றே பார்க்காதவர்கள்.

பூனாவில் நடந்தது வேறு. முப்பது வருஷம் முன்புவரை பேஷ்வாக்களின் தலைநகராக இருந்த ஊர் அது. அங்கே, தோட்ட வேலை செய்கிற மாலி சாதியில் பிறந்த, இருபத்தோரு வயதைத் தாண்டாத ஓர் இளைஞனும், கல்யாணத்துக்குப் பிறகு எழுத்துக் கற்றுக்கொண்ட அவன் பதினேழு வயது மனைவியும், மிஷனரிகளாக அல்லாமல், மதம் மாற்றும் நோக்கம் எதுவும் இல்லாமல், பெண்களை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். உடன் நின்றவர்களில் கோவண்டே, பராஞ்ஜபே போன்ற பிராமண நண்பர்களும் உண்டு. இடம் கொடுத்த பிடேயும் பிராமணர்தான். இதைச் சொல்லாமல் விடுவது ஒருவகை வசதி; இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது இன்னொரு வகை வசதி. 1849-ல் ஜோதிராவின் தகப்பனார் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். பெண்கள் பள்ளி ஆரம்பித்து ஒரு வருஷம் கழித்து, மஹார், மாங் சாதிக் குழந்தைகளுக்கென்று ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளி ஒன்றை வைத்தார் ஜோதிராவ். பின்னால் அவர்களுக்காக இன்னும் இரண்டு.

இந்தப் பள்ளிகளில் மூன்று வருஷம் படித்தவள் முக்தாபாய். மாங் சாதி. வயது பதினொன்று என்றும் சொல்கிறார்கள், பதினான்கு என்றும் சொல்கிறார்கள். அவள் எழுதிய கட்டுரை ஒன்று, மாங், மஹார் மக்களின் துக்கத்தைப் பற்றியது, அமெரிக்க மிஷன் நடத்திய 'ஞானோதயா' பத்திரிகையில் 1855 பிப்ரவரி 15, மார்ச் 1 இதழ்களில் வெளிவந்தது.

கட்டுரை தொடங்குகிற விதமே அசாதாரணமானது. துக்கத்தைச் சொல்ல வந்தவள் முதலில் தர்க்கத்தில் இறங்குகிறாள். வேதம் தங்களுக்கே உரியது, மற்றவர்கள் அதைப் பார்க்கவும் கூடாது என்று பிராமணர்கள் சொல்கிறார்கள். நல்லது. அப்படியானால் எங்களுக்கு மதநூல் இல்லை. மதநூல் இல்லை என்றால் மதமே இல்லை என்றாகிறது. எனவே, கடவுளே, எங்கள் மதம் எது என்று நீயே சொல்லிவிடு, அதன்படி நடந்துகொள்கிறோம். இதை இரக்கத்துக்கான வேண்டுகோளாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளியின் வாக்கியத்தையே எடுத்து, அதை அதன் முடிவுவரை நடத்திக்கொண்டுபோய் நிறுத்துகிற காரியம் இது. மரபில் இதற்குப் பெயர் வாதம். வாதம் செய்ய உரிமை மறுக்கப்பட்ட இடத்திலிருந்து, அதுவும் ஒரு சிறுமியிடமிருந்து, அது வருகிறது.

பிறகுதான் துக்கம். அது இரண்டு தளங்களில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று கேட்டறிந்தது. பேஷ்வா பாஜிராவ் காலத்தில் ஒரு மாங்கோ மஹாரோ தாலீம் கூடத்தின் முன்னால் நடந்து போனால் தலையை வெட்டி, வாளை மட்டையாகவும் தலையைப் பந்தாகவும் வைத்து விளையாடினார்கள் என்கிறாள். கட்டட அஸ்திவாரங்களில் தன் ஜனங்களைப் புதைத்ததைச் சொல்கிறாள். தாழ்ந்த சாதிக்காரன் ஒருவன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது தெரிந்தால், உத்தியோகத்தை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் பிராமணர்கள் சவரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விதவைகளுக்குத் தலை மழிக்கப் போவதா என்று பாஜிராவ் கேட்டுத் தண்டிப்பானாம். பேஷ்வா ஆட்சி முடிந்தது 1818-ல். அவள் எழுதுவது முப்பத்தேழு வருஷம் கழித்து. அவள் கண்ட விஷயங்கள் அல்ல இவை. சேரியில் பெரியவர்கள் வாய்வழி வந்தவை. எழுத்தறியாத ஒரு ஜனக்கூட்டத்தின் ஞாபகம், எழுத்தறிந்த முதல் கை கிடைத்ததும் அதன் வழியாகக் காகிதத்துக்கு வந்துவிடுகிறது. கேலியைக்கூட அது விட்டுவைக்கவில்லை. அந்தச் சவரப்பெட்டி வாக்கியத்தில் பாஜிராவின் பயம் தெரிகிறது.

மற்றது அவள் அறிந்தது. அவள் ஜனத்துப் பெண்கள் பிரசவிக்கும்போது தலைக்குமேல் கூரை இருப்பதில்லை. மழையிலும் குளிரிலும் கிடக்கிறார்கள். பிரசவத்தில் நோய் கண்டால் வைத்தியனுக்கும் மருந்துக்கும் பணம் ஏது, காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவன் உங்களில் எவனாவது உண்டா என்று கேட்கிறாள். பண்டிதர்களை விளித்து, உங்கள் பேச்சை நிறுத்திவிட்டு இதைக் கொஞ்சம் கேளுங்கள் என்கிறாள். இந்தப் பகுதியில் தர்க்கம் இல்லை. தேவைப்படவும் இல்லை. தன் சாதிக்கு மேலே இருக்கும் மஹார்களும் பிராமணப் புத்தியைக் கற்றுக்கொண்டு மாங்குகளைத் தாழ்வாக நடத்துகிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுவது இன்னும் முக்கியம். யாருடைய துக்கத்தைச் சேர்த்து எழுத வந்தாளோ அவர்களையும் அவள் தப்பிக்க விடவில்லை.

இது சிறுமி எழுதியதுதானா, வாத்தியார் எழுதிக்கொடுத்ததா என்ற சந்தேகம் வராமல் இராது. மேல்சாதிச் சிறுவன் ஒருவன் எழுதியிருந்தால் அவனை மேதை என்றிருப்பார்கள், சந்தேகித்திருக்க மாட்டார்கள் என்பது ஒருபுறம். கட்டுரையில் பள்ளிக்கூடத்தின் குரல் இருக்கத்தான் செய்கிறது: ஆங்கிலேய ஆட்சிக்கு நன்றி சொல்கிற இடமும், கல்வி என்ற மருந்தைச் சாப்பிட்டால் உங்கள் நோய் தீரும் என்று தன் ஜனங்களை அழைக்கிற கடைசிப் பகுதியும். ஆனால் மதம் எது என்ற கேள்வி பள்ளிக்கூடப் பாடமாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை ஜோதிராவ் பெரிய அளவில் எடுத்துக்கொள்வது 1873-ல் 'குலாம்கிரி'யில். அவருடைய கடைசிப் புத்தகமும் அதைத்தான் துருவுகிறது. அது வெளிவந்தது 1891-ல், அவர் இறந்த மறுவருஷம். யார் யாரிடம் கற்றார்கள் என்பதை ஒருவழிப்பாதையாகவே பார்க்கப் பழகிவிட்டோம்.

இதே 1855-ல் ஜோதிராவ் ஒரு நாடகம் எழுதினார்: 'த்ருதீய ரத்னா'. ஜோசியன் ஒருவன் கர்ப்பிணியான ஒரு குடியானவப் பெண்ணையும் அவள் புருஷனையும் ஏமாற்றிப் பிடுங்குகிற கதை. தக்ஷிணைப் பரிசுக் கமிட்டிக்கு அனுப்பினார், கமிட்டி நிராகரித்தது. அது அச்சேற நூறு வருஷங்களுக்கு மேலாயிற்று. ஆசிரியரின் நாடகம் பெட்டியில் கிடக்க, மாணவியின் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அச்சிட்டவர்கள் மிஷனரிகள். அவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது என்பது உண்மை. அந்தக் கணக்கில்லாத பத்திரிகை எதுவும் இதற்கு இடம் கொடுத்திராது என்பதும் உண்மை.

நம் பக்கம் ஒரு பார்வை. பூலே பள்ளி தொடங்கிய அதே 1848-ல்தான் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலையும் அச்சுக்கூடமும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்று மிஷனரிகளிடமிருந்து கற்றுக்கொண்டவர் அவர். ஆனால் அவருடைய சைவக் கல்விக்குள் தீண்டத்தகாதவர்களுக்கு இடம் இருக்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869-ல் 'பெண்மதிமாலை' எழுதினார். பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பேசுகிறவர் தகப்பன் ஸ்தானத்திலிருந்து பேசுகிறார், பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நவீனத் தமிழ் உரைநடையின் தொடக்கம் என்று நாம் நாவலரையும் வேதநாயகம் பிள்ளையையும் காட்டிப் பழகியிருக்கிறோம். யாருடைய உரைநடை என்று கேட்டதில்லை.

முக்தாபாய் எழுதியதாக இந்த ஒன்றுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. 1991-ல் சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுதியில் அது இடம்பெற்ற பிறகே மராட்டிக்கு வெளியே பலரும் படித்தார்கள். பள்ளிகளும் நெடுநாள் அவர்கள் கையில் இருக்கவில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு ஐரோப்பியர்களின் நன்கொடை வற்றியது. ஒன்பது பத்து வருஷம் உழைத்த பிறகு ஜோதிராவ் விலகிக்கொண்டார். 1882-ல் ஹண்டர் கமிஷனுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், விலகிய காரணத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். குடியானவனிடம் வாங்குகிற வரி மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குப் போவதையும், பன்னிரண்டு வயதுவரை ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கிறார். மஹார், மாங் குழந்தைகளை மற்றவர்களோடு உட்காரவிடுவதில்லை என்கிறார். அவர்களுக்கென்று பூனாவில் இன்னும் பள்ளி இருக்கிறது, நிலைமை திருப்தியாக இல்லை என்கிறார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அந்த ஜனங்களுக்கு ஊர் முழுவதிலும் இருந்தது அந்த ஒரே பள்ளி. படித்தவர்கள் முப்பதுக்கும் குறைவு, எல்லோரும் பையன்கள்.