கபுறு இல்லாத எங்கள் மூத்தவர்கள்



"சேர், எம்டன் எண்டா ஆளா, கப்பலா?"

உலகப் போர்ப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. குழப்படிக்காரரை 'எம்டன்' என்று ஏசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. ஜெர்மன் போர்க்கப்பல் என்று விளங்கப்படுத்தினோம். 1914 செப்டெம்பரில் இலங்கைக்கு அண்மையில் பல சரக்குக் கப்பல்களை அது மூழ்கடித்தது. 1917 பெப்ரவரியில் வூல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போக, வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் சில நாள் இடைவெளியில் தாண்டு போயின.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உம்மா, "உம்மம்மாட வாப்பாவும் கப்பல்லதானே மவுத்தானார்" என்றார். எந்தக் கப்பல்? தெரியாது. எந்த வருடம்? "சண்டைக் காலம்." எந்தச் சண்டை என்பதும் தெரியாது. ஒரு கடுதாசி வந்ததாம், அதைக் கறையான் தின்றுவிட்டதாம். அன்றிலிருந்துதான் எமது தேடல் தொடங்கியது.

அக்காலத்தில் வெள்ளைக்காரரின் வணிகக் கப்பல்களில் வேலை செய்த ஆசியர்களை 'லஸ்கர்' என்றார்கள். தலைவன் செராங், அவனுக்குக் கீழே தண்டல், சமையலுக்குப் பண்டாரி. கீழ்த்தளத்தில் கரி அள்ளிப் போட்டவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் ஒன்று, சிலவேளை அதைவிடவும் குறைவுதான் இவர்களுக்கு. இரண்டாம் உலகப் போரில் மாத்திரம் சுமார் 6,600 இந்தியக் கடலோடிகள் உயிரிழந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். குண்டு விழும்போது இயந்திர அறையில் நின்றவர் மேலே ஏறி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பளத்தில் கஞ்சத்தனம் காட்டிய அதே ஆட்சி, கடதாசி விடயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் உடன்படிக்கையில் பதியப்பட வேண்டும். நடுக்கடலில் ஒருவர் இறந்தால் கப்டன் அதைக் கப்பலின் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாள், காரணம், அட்சரேகை, தீர்க்கரேகை, விட்டுச் சென்ற சாமான்கள் என்று எல்லாமே அதில் வரும். எமது மூத்தவருக்குக் கபுறு இல்லை. ஆனால் அவரை இறக்கிய இடம் இரண்டு எண்களாக எங்கோ ஒரு தாளில் இருக்கக்கூடும். இதை அறிந்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை.

அந்தத் தாள்கள் ஓரிடத்தில் இல்லை. 1863 முதல் 1938 வரையான உடன்படிக்கைகளில் சுமார் 70 வீதம் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இடமில்லை என்று பிரித்தானியா அழிக்க இருந்தவற்றை அவர்கள் 1971இல் ஏற்றுக்கொண்டார்கள். மிகுதியில் ஒரு பகுதி லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலும், இன்னொரு பகுதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலும் உள்ளது. 1915ஆம் ஆண்டுக்குரியவை இணையத்தில் இலவசம்.

போரில் இறந்தவர்களை பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தளத்தில் தேடலாம். மும்பாய் மஸ்ஜித் பந்தரிலுள்ள மாலுமிகள் இல்லத்தில், கடலைத் தவிர வேறு கபுறு இல்லாத 2,000க்கும் மேற்பட்ட முதலாம் போர்க் கடலோடிகளின் நினைவகம் இருக்கிறது. இரண்டாம் போரில் மாண்ட 6,000க்கும் மேற்பட்டோரின் பெயரேடு அங்கு ஒரு பிரதி, சிட்டகொங்கில் ஒரு பிரதி. லண்டன் டவர் ஹில் நினைவகத்தின் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஆனால் வணிகக் கப்பல்காரர் எதிரியின் தாக்குதலால் இறந்திருந்தால்தான் இந்தப் பட்டியல்களில் வருவார். காய்ச்சலில் மவுத்தானவரும் சரக்கறைக்குள் விழுந்தவரும் இல்லை.

பெயரைப் போட்டுத் தேடியதில் இரண்டு மாதம் வீணாய்ப் போனது. முஹம்மத் என்ற ஒரு பெயரையே பத்து விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சில இடத்தில் 'அப்துல்' மட்டும்தான் மிச்சம். அதனால்தான் சொல்கிறோம், ஆளைத் தேடாதீர்கள், கப்பலைத் தேடுங்கள். கப்பலும் வருடமும் கையில் இருந்தால், பிழையாக எழுதிய பெயரையும் வாப்பாவின் பெயர், வயது, ஊர் என்பவற்றை வைத்து அடையாளம் காணலாம்.

செத்தவரைத் தேடி என்ன பயன் என்று கூட்டாளி ஒருவர் கேட்டார். உம்மம்மாவின் உம்மா எத்தனையோ வருடம் 'இருக்கிறாரோ, இல்லையோ' என்றே இத்தாவும் இருக்க முடியாமல் காத்திருந்தவர். காணாமல் போனவரின் மவுத் உறுதியாகும் வரை, அல்லது காழி தீர்மானிக்கும் வரை, சொத்தைப் பங்குவைக்க முடியாது. கடற்கரையோரத்துத் தென்னந்தோட்டம் ஒன்று அப்படியே கிடந்து, கடைசியில் யாரோ வேலி போட்டுக்கொண்டார்கள். அந்தக் கடுதாசி வந்ததே மிகவும் பிந்தித்தானாம்.

இப்போது எம்மிடம் இருப்பது அரைகுறைத் தகவல். கப்பலின் பெயர் 'சிட்டி' என்று தொடங்கும் என்கிறார் பெரியம்மா. இல்லை, 'கிளான்' என்கிறார் மாமா. இரண்டுமே பெரிய கம்பனிகளின் பெயர் வரிசைகள், ஒவ்வொன்றிலும் பல கப்பல்கள்.

ஊரில் எண்பது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சேர்ட்டிபிகேட், கப்பல் படம், கொழும்பிலிருந்து வந்த மணியோடர் துண்டு எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து எமக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாசிகசாலையில் இருப்போம், கொண்டு வந்தால் சேர்ந்து பார்க்கலாம்.