தமிழ்ப் புத்தகத்துக்கும் இடம் கேட்ட கொடையாளர்



விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதன் மேல்மாடிகளில் உள்ள ஆய்வு நூலகத்துக்கு லீ கொங் சியான் என்று பெயர். அந்தப் பெயருக்கும், நம் வீட்டுப் பிள்ளைகள் இரவல் வாங்கிவரும் தமிழ்க் கதைப் புத்தகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

அவர் 1893ல் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்தவர். 1903ல், தகப்பனாரிடம் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பிள்ளைகளே, அவர் இங்கே படித்த பள்ளிகளில் ஒன்று எது தெரியுமா? சிராங்கூனில் இருந்த ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளி! பிறகு சீனாவில் மேற்படிப்பு. திரும்பி வந்து ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு வேலை. அப்புறம் ரப்பர் வணிகர் டான் கா கீயின் கம்பெனியில் சேர்ந்தார். 1920ல் அவர் மகளையே மணந்தார்.

இந்த மாமனாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பாதித்ததைப் பள்ளிக்கூடங்களுக்கு வாரி வழங்கியவர் அவர். சீனாவில் 1921ல் ஷியாமென் பல்கலைக்கழகத்தையே நிறுவினார். ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் அவருடைய கம்பெனி நொடித்து, 1934ல் மூடப்பட்டது. தாமே தாங்கிவந்த பல்கலைக்கழகத்தை 1937ல் அவர் சீன அரசாங்கத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. ஒரு மனிதரின் வியாபாரத்தை மட்டும் நம்பியிருக்கும் தர்மம், வியாபாரம் படுத்தால் தானும் படுத்துவிடும். மருமகன் இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர். சொந்தமாக ரப்பர், அன்னாசித் தொழிலில் வளர்ந்த பிறகு, அவர் 1952ல் லீ அறநிறுவனத்தைத் தனியாக நிறுவியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன, மத வேறுபாடு பார்க்காமல் கல்விக்கும் கலைக்கும் ஏழை எளியோர் நலனுக்கும் கொடுப்பது அதன் வேலை.

இப்போது நூலகத்துக்கு வருவோம். அந்நாளில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்தது ராஃபிள்ஸ் நூலகம். அங்கே சந்தா கட்டினால்தான் புத்தகம் எடுக்கலாம். புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலம். சந்தா கட்ட வழியில்லாத தொழிலாளிக்கு அங்கே என்ன வேலை? புதிய நூலகம் கட்ட 1953ல் லீ கொங் சியான் 375,000 வெள்ளி தர முன்வந்தார். ஆனால் சும்மா தரவில்லை, நிபந்தனை போட்டார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். இங்குள்ள மக்களின் தாய்மொழிகளையும் அது வளர்க்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலத்தில் இப்படிக் கேட்டார் என்பதை மறக்காதீர்கள்.

1957ல் அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12ஆம் தேதி, யூசோஃப் இஷாக் அவர்கள் அந்தச் செங்கல் கட்டடத்தைத் திறந்துவைத்தார். அதற்குச் சூட்டப்பட்ட பெயர் தேசிய நூலகம். மலாய், சீனப் புத்தகங்களோடு தமிழ்ப் புத்தகங்களும் அலமாரி ஏறின.

லீ கொங் சியான் 1967ல் காலமானார். ஆனால் அறநிறுவனம் நின்றுவிடவில்லை. நாஃபா கலைக்கல்லூரியில் அதன் பெயரில் ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு 2011ல் அது கொடுத்தது 150 மில்லியன் வெள்ளி. வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவுவதும் அந்தக் கொடையின் நோக்கம். வெளிநாட்டில் தாதிப் பயிற்சி முடித்த எனக்கு, படிப்புச் செலவு ஒரு குடும்பத்தை எப்படி நெருக்கும் என்று தெரியும். அந்தக் கல்லூரியில் படித்த இளம் டாக்டர்கள் இன்று எங்களோடு வார்டில் நிற்கிறார்கள்.

பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும் செங்கல் கட்டடம், சுரங்கச் சாலைக்காக 2004ல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். புதிய நூலகத்துக்கு லீ அறநிறுவனம் 60 மில்லியன் வெள்ளி அளித்தது. இம்முறை கொடையாளரின் பெயரை ஆய்வு நூலகத்துக்கு வைத்தார்கள். அங்கே தமிழ் நூல்களின் தொகுப்பும் இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.