மோரீசுத் தீவில் இரும்பு விலங்கும் காகித விலங்கும்

தமிழர் கடல் கடந்த வரலாறு என்றால், சோழர் செலுத்திய கலங்களையும் வணிகர் ஈட்டிய பொருளையும் பற்றியே நம் பாடநூல்கள் பேசுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலின் அடித்தட்டில் அடைபட்டுச் சென்ற இலட்சக்கணக்கானோரைப் பற்றி அவை சில வரிகளோடு நிறுத்திக் கொள்கின்றன. அவ்வாறு சென்றோருள் நம் மக்கள் பலர் இருந்தனர். ஆதலின், மோரீசுத் தீவின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது இத்தீவு நாடு. அதனைச் சார்ந்த சிறு தீவுகளையும் சேர்த்துப் பரப்பளவு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். 1638இல் டச்சுக்காரர் குடியேறும் வரை அங்கு மனிதக் குடியே இல்லை. எனவே அங்குள்ளோர் அனைவரும் வெளியிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களே. அவருள்ளும் மிகப் பெரும்பாலோர் பிறரால் கொண்டுவரப்பட்டோரின் வழியினர். 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் அடிமைகள் இறக்கப்பட்டனர். புதுச்சேரிக் கரையிலிருந்தும் கொண்டு சென்றனர். கொத்தர், தச்சர் முதலானோர் கூலி பேசிச் சென்றது உண்டு. அடிமைகளாகவே விற்கப்பட்டவரும் உண்டு. ஏழை மக்களை ஏய்த்துப் பிடித்துக் கப்பலேற்றுவதற்காக மறைத்து வைத்திருந்த கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளை 1743ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆள் கடத்தல் என்று இன்று நாம் சொல்லும் குற்றம் நம் கரைக்குப் புதியதன்று.

1723ஆம் ஆண்டின் பிரெஞ்சு அடிமைச் சட்டப்படி, முதன்முறை ஓடிப் பிடிபட்டவனுக்குக் காதை அறுத்துத் தோளில் சூடிட வேண்டும். இரண்டாம் முறை பின்கால் நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை தூக்கு. அப்படியிருந்தும் ஓடினார்கள். தீவின் தென்மேற்கு மூலையில் உள்ள லே மோர்ன் என்னும் செங்குத்தான மலை, ஓடிப் போன அடிமைகளின் புகலிடமாயிருந்தது.

ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றிய பின், 1835 பிப்ரவரி 1ஆம் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அப்போது அங்கிருந்த அடிமைகள் ஏறத்தாழ 66,000 பேர். இழப்பீடாக இருபது இலட்சம் பவுனுக்கு மேல் வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு அன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றோரோ, ‘தொழில் பழகுநர்’ என்னும் புதுப் பெயரில் 1839 மார்ச் வரை அதே துரைமாரிடம் உழைக்க வேண்டியவராயினர். தவணை முடிந்த அன்றே அவர்களுள் மிகப் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறினர். அவர்கள் ஒழிவார்கள் என்பதை முன்கூட்டியே உணர்ந்த முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பிவிட்டிருந்தனர்.

1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பல் 36 இந்தியத் தொழிலாளரோடு போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் சோட்டா நாகபுரிப் பகுதியைச் சேர்ந்த மலைவாழ் மக்கள். கல்கத்தாவில் நீதிபதியின் முன்னிலையில் ஒப்பந்தம் அவர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது, அவர்கள் அடையாளமிட்டனர். ஐந்து ஆண்டு வேலை, மாதம் ஐந்து ரூபாய் கூலி, அதிலும் திரும்பி வரும் கப்பல் செலவுக்கென மாதம் ஒரு ரூபாய் பிடித்தம். சட்டத்தின் கண்ணுக்கு இது இரு தரப்பாரும் இசைந்து செய்த உடன்படிக்கை. எழுத்தறியாத ஒருவன், தான் கண்டிராத நாட்டுக்குச் செல்ல, தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைவைப்பது எத்தகைய இசைவு என்று நாம் கேட்கலாம். 1840இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபுவே இது புதியதோர் அடிமைமுறையாகி விடுமோ என்று அஞ்சினார். இடையில் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்ட ஆளனுப்புதல், 1842இல் அரசாங்க மேற்பார்வையில் மீண்டும் தொடங்கிற்று.

சென்னை மாகாணத்திலிருந்து சென்றோர் எதற்காகச் சென்றனர்? தரகர்களின் பொய்யுரை ஒரு காரணம். பஞ்சம் மற்றொரு காரணம். மூன்றாவது காரணத்தைப் பலர் எழுதுவதில்லை. தஞ்சைச் சீமையிலும் பிற நன்செய்ப் பகுதிகளிலும் நம் மக்கள் பண்ணையாளாகவும் படியாளாகவும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர். நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற ஓலைகள் உண்டு. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று கூறியதே தவிர, பண்ணையாளுக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. ஆள்கள் கப்பலேறிப் போகிறார்கள் என்று மிராசுதாரர்கள் முறையிட்டதே, போனவர்களுக்கு ஊரில் என்ன நிலை இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. ஆகவே தோட்டத்துரையின் கொடுமையை மட்டும் பேசி, ஊர்ப் பண்ணையின் கொடுமையை மறைத்து எழுதும் வரலாறு நமக்கு உடன்பாடன்று.

1834க்கும் 1910களுக்கும் இடையே நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவில் இறங்கினர். போர்ட் லூயியில் 1849இல் அமைந்த குடியேற்றக் கிடங்கின் படிகளில் ஏறியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், ஊர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை பேரேட்டில் ஏறின. அப்பேரேடுகள் இன்றும் மோக்கா என்னும் ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கிடங்கு இருந்த இடம் ஆப்ரவாசி காட் என்னும் பெயரில் 2006 முதல் உலக மரபுச் சின்னமாக விளங்குகிறது.

தோட்டத்தில் வெயிலும் கரும்பும் ஒருபுறம். மறுபுறம் கணக்குப் புத்தகம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். இதற்கு ‘இரட்டை வெட்டு’ என்று பெயர். நோயுற்றாலும் வெட்டு, துரைமேல் முறையிட நீதிமன்றம் சென்றாலும், அந்த நாளுக்கு வெட்டு. பெண்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்படவில்லை. உழைப்பு மட்டும் இருந்தது. 1867இல் பரவிய மலேரியாக் காய்ச்சல் அவ்வோர் ஆண்டிலேயே முப்பதாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டது.

அதே 1867இல் வந்த சட்டமே எல்லாவற்றினும் கொடியது என்பது நம் கருத்து. தவணை முடித்தவர்கள் ‘பழைய குடியேறிகள்’ எனப்பட்டனர். அவர்கள் மீண்டும் தோட்டத்தில் ஒப்பந்தம் செய்யாமல் காய்கறி பயிரிட்டோ சிறு கடை வைத்தோ பிழைப்பதை முதலாளிகள் பொறுக்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வேறு மாவட்டத்துக்குள் செல்லப் போலீசாரின் அனுமதி வேண்டும். சீட்டைத் தொலைத்தால் கட்டணம் செலுத்தி மறுசீட்டுப் பெற வேண்டும் என்று விதித்தனர். சீட்டில்லாதவன் ‘நாடோடி’. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே பிடிக்கப்பட்டு, கிராண்ட் ரிவர் என்னுமிடத்தில் நாடோடிகளுக்கென இருந்த சிறையில் தள்ளப்பட்டனர். சேரியை விட்டு மேல்தெருவில் கால் வைத்தால் அடிபட்ட நம் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இதனை எதிர்த்து எழுந்தவர் அடோல்ஃப் த பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர். சிறு தோட்டமொன்றை மேற்பார்த்து வந்த அவர், தம்மைச் சுற்றியிருந்தோரின் துயரத்தைக் கேட்டு 1871இல் ஒரு விண்ணப்பம் வரைந்தார். இராசரத்தின முதலியார் என்னும் தமிழர் அவருக்குத் துணை நின்றார். பழைய குடியேறிகள் 9,401 பேர் அதில் ஒப்பமிட்டனர். எந்தத் தாளால் கட்டப்பட்டார்களோ அந்தத் தாளிலேயே தங்கள் வழக்கை எழுதுவித்தனர். எந்த நேரமும் போலீசார் பிடித்துச் செல்லக்கூடிய நிலையில் இருந்தோர் ஒப்பமிட எத்துணைத் துணிவு வேண்டும்! முதலாளிகள் கூட்டம் கூட்டி, பிளெவிட்சை நாடு கடத்த வேண்டும் என்றனர். தலைநகரின் தெருவில் அவர் தாக்கப்பட்டார். எனினும் விண்ணப்பம் வீண்போகவில்லை. 1872இல் அரச விசாரணைக் குழு வந்தது. 1875இல் வெளியான அதன் அறிக்கை விண்ணப்பத்தின் குறைகூறல்கள் பெரும்பாலும் மெய்யென்று காட்டிற்று. 1878இல் தொழிலாளர் சட்டம் திருத்தி எழுதப்பட்டது.

ஒப்பந்தக் கூலி முறை அதன்பின்னும் முப்பதாண்டுக்கு மேல் நீடித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. இதற்கிடையே முதலாளிகள் தோட்டத்தின் ஓரங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சேர்த்து வைத்திருந்தவர்கள் சிறு நிலம் வாங்கினர். ஊரில் இருந்திருந்தால் அவர்களுக்கு அது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 1968 மார்ச் 12ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அடிமைமுறை, ஒப்பந்தக் கூலிமுறை ஆகிய இரண்டின் விளைவுகளையும் ஆராய அந்நாட்டரசு அமைத்த உண்மை மற்றும் நீதி ஆணையம் 2011இல் தன் அறிக்கையை அளித்தது.

இப்போது கரும்பின் இடத்தைத் துணி ஆலை பிடித்திருக்கிறது. வங்காளதேசம், இந்தியா, மடகாஸ்கர் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் அங்கு வருகின்றனர். தரகருக்குக் கொடுக்க ஊரில் கடன் வாங்கி வருபவர் பலர். வந்த பின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதாகவும், சொன்ன கூலி தரப்படுவதில்லை என்றும் முறையீடுகள் எழுந்துள்ளன. ஆள் கடத்தலைத் தடுக்க 2009இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நவம்பர் 2ஆம் நாளும் பிப்ரவரி 1ஆம் நாளும் அங்கு அரசு விடுமுறை நாள்கள். முன்னது முதற் கூலிகள் வந்திறங்கிய நாள். பின்னது அடிமைகள் விடுதலை பெற்ற நாள்.