இரு விதிகளுக்கிடையே ஓர் உடல்: ஆஸ்துமா, உடற்பயிற்சி, உடற்பருமன்

சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் 24ஆம் அத்தியாயம் அன்றாட ஒழுக்கங்களைப் பேசுகிறது. உடற்பயிற்சிக்கு அதில் விரிவான இடம் உண்டு. உடற்பருமனைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு ஈடானது வேறில்லை என்கிறது நூல். சில சுலோகங்கள் கடந்ததும் உடற்பயிற்சி கூடாதவர்களின் பட்டியல் வருகிறது. மெலிந்தவர், இருமலுற்றவர் ஆகியோருடன் சுவாச நோயாளரும் அதில் இடம்பெறுகிறார். பருத்த உடலும் இரைக்கும் நெஞ்சும் ஒருவருக்கே வாய்த்தால், அவர் எந்த விதியைக் கைக்கொள்வது? அந்த இடத்தில் இதற்கு விடையில்லை.

இத்தடையை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. மிகையான உடற்பயிற்சியின் விளைவுகளாகச் சரக சம்ஹிதை எண்ணும் கேடுகளுள் இருமலும், தமக சுவாசத்தின் ஒரு வகையான பிரதமகமும் உள்ளன. கப்படோசியாவின் கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ், ஓட்டத்தாலும் உடற்பயிற்சியாலும் மூச்சு முட்டும் நிலையையே ஆஸ்துமா என்று வரையறுத்தார். 1698இல் இந்நோய் பற்றித் தனிநூல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ளாயர், 1860இல் எழுதிய ஹென்றி ஹைட் சால்டர் ஆகிய இருவருமே ஆஸ்துமா நோயாளிகள். உடலுழைப்பு இரைப்பைத் தூண்டுவதைத் தம் உடலிலேயே கண்டவர்கள். அவதானிப்பு சரியானது. அதிலிருந்து எத்தகைய விதி பிறந்தது என்பதுதான் ஆராயத்தக்கது.

பண்டை மருத்துவர்கள் மூச்சிரைப்பை ஒற்றை நோயாகக் கொள்ளவில்லை என்பது இங்கு முக்கியம். சரகர் கூறும் ஐவகைச் சுவாசங்களுள் தமகம் இன்றைய ஆஸ்துமாவை ஒத்தது. நோயாளர் படுக்க இயலாமல் அமர்ந்தே ஆறுதல் பெறுவார், மேகமூட்டமும் குளிரும் அதை வளர்க்கும். க்ஷுத்ர சுவாசமோ உழைப்பால் எழுந்து தானே அடங்கும் சிற்றிரைப்பு. பருத்த உடலுக்கு நேரும் தொல்லைகளுள் ஒன்றாகச் சுசுருதர் சுட்டுவது இந்தச் சிற்றிரைப்பையே. எடையைக் குறைக்க நடக்கத் தொடங்கும் ஆஸ்துமா நோயாளி இன்றும் திணறுவது இந்த வேறுபாட்டில்தான். பழக்கமின்மையால் வரும் இரைப்பு எது, மூச்சுக்குழல் சுருங்குவதால் வரும் இரைப்பு எது என்று பிரித்தறிய இயலாதபோது, அச்சம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அவர் உட்கார்ந்துவிடுகிறார், உடல் மேலும் பருக்கிறது, அடுத்த முறை இரைப்பு இன்னும் விரைவில் வருகிறது.

இந்தச் சுழலை உடைத்தது அளவீடு. 1962இல் பிரிட்டனில் ஆர். எஸ். ஜோன்ஸும் உடன் ஆய்வாளரும் ஆஸ்துமா உள்ள சிறார்களை ஓடவைத்து மூச்சளவைப் பதிவு செய்தனர். ஒன்றிரண்டு நிமிட ஓட்டம் மூச்சுக்குழல்களைச் சற்றே விரித்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் அவை சுருங்கின. ஓட்டத்தைவிட நீச்சல் குறைவாகவே இரைப்பைத் தூண்டுகிறது என்பதும், வறண்ட குளிர்காற்றை வேகமாக உள்ளிழுப்பதே சுருக்கத்தின் அடிப்படை என்பதும் பின்னர்த் தெளிவாயின. 1969இல் சால்புட்டமால் இன்ஹேலர் புழக்கத்துக்கு வந்தது. ‘கூடாது’ என்ற சொல்லின் இடத்தை எவ்வளவு நேரம், எத்தகைய காற்றில், என்ன முன்னேற்பாட்டுடன் என்ற வினாக்கள் பிடித்தன.

மைதானங்களின் நிர்வாகம் இம்மாற்றத்தை உடனே ஏற்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்த அமெரிக்கச் சிறுவன் ரிக் டிமான்ட்டின் தங்கம் பறிக்கப்பட்டது. அவர் உட்கொண்ட ஆஸ்துமா மருந்தில் தடைசெய்யப்பட்ட எபெட்ரின் இருந்தது. மருந்தைப் பற்றி அவர் முன்கூட்டியே தம் அணிக்குத் தெரிவித்திருந்தார். 12 ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா இருந்தது. அவர்கள் வென்ற பதக்கங்கள் 41.

எடை பற்றிய சான்று இதற்கும் பிந்தியது. 2000ஆம் ஆண்டு வெளியான பின்லாந்து ஆய்வில், பருமனும் ஆஸ்துமாவும் உடைய 38 பேரில் பாதிப்பேர் கண்காணிப்புடன் கூடிய குறைகலோரி உணவுத் திட்டத்தில் சேர்ந்தனர். எடை குறைந்தவர்களின் நுரையீரல் செயல்பாடும் நோய்க்குறிகளும் மேம்பட்டன. 2013இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் உடற்பயிற்சியை மட்டும் மேற்கொண்டவர்களின் எடை சிறிதளவே குறைந்தது. உணவு மாற்றமே எடையைக் கணிசமாக இறக்கியது. அதே ஆண்டு வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 21 ஆய்வுகளை ஒப்பிட்டு, பயிற்சி ஆஸ்துமாவை மோசமாக்கவில்லை என்றும் உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனை உயர்த்தியது என்றும் கண்டது. ஓய்வுநிலை நுரையீரல் அளவுகளோ மாறவில்லை. பயிற்சி நோயை நீக்குவதில்லை. நோயுடன் இயங்கும் ஆற்றலைப் பெருக்குகிறது.

சுசுருதரிடம் மற்றொரு குறிப்பும் உண்டு. வலிமையில் பாதியளவுக்கே பயிற்சி செய்ய வேண்டும். மூச்சு வாய்வழி வரத் தொடங்குவதே அந்த எல்லையின் அடையாளம். மூக்கு காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது என்பதை அறிந்த இன்றைய வாசகர் இதில் நவீன உடலியலைக் காண முற்படலாம். அது காலமுரண். அவ்விதி நலமுற்றவர்களுக்காக எழுதப்பட்டது. ஆஸ்துமா நோயாளரை அது விலக்கியே வைத்தது. நூலின் பெருமை வேறிடத்தில் உள்ளது: உடற்பயிற்சியை ஆளுக்கேற்ற அளவாக அது கருதியது. அந்த அளவை நோயாளருக்கும் நீட்டிக்க இருபதாம் நூற்றாண்டின் கருவிகளும் மருந்துகளும் தேவைப்பட்டன.

ஆஸ்துமா உள்ள பிள்ளையை உடற்கல்வி வகுப்பில் ஓரமாக அமர்த்தும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் மறையவில்லை. பட்டியலின் முதல் பாதியை மட்டுமே அப்பழக்கம் காப்பாற்றி வருகிறது. உட்கார்ந்த பிள்ளை பருத்து வளரும்போது, அதே சமூகம் உடற்பயிற்சி செய்யவில்லையென்று அப்பிள்ளையையே குறைகூறுகிறது. நோய் கட்டுக்குள் இருக்கிறதா, இன்ஹேலர் கைவசம் உள்ளதா, படிப்படியாக உடலைச் சூடேற்ற நேரம் தரப்படுகிறதா என்று கேட்பதே அந்தப் பழைய முரணுக்கு இன்று கிடைத்திருக்கும் விடை.