ஃபுல்லரீன் உருவாக்கம்

ஃபுல்லரீன் என்பது கார்பன் அணுக்கள் மட்டுமே சேர்ந்து மூடிய கூடாக அமையும் மூலக்கூறு. இந்தக் குடும்பத்தில் பெயர்பெற்ற சி60-இன் வடிவம் தைத்த கால்பந்தை அப்படியே ஒத்தது: 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள்.

இப்படியொரு மூலக்கூறு இருக்கக்கூடும் என்று எய்ஜி ஒசாவா 1970-இலேயே எழுதினார். ஜப்பானிய மொழியில் எழுதியதால் அது வெளியுலகை எட்டவில்லை. 1985 செப்டம்பரில் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி மூவரும் மாணவர்களோடு சேர்ந்து கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி, ஹீலியம் வாயுவில் குளிரவிட்டனர். நிறைமாலைமானியில் 720 என்ற இடத்தில் ஒரு முகடு ஓங்கி நின்றது. கார்பனின் அணுநிறை 12. அறுபது அணுக்களுக்கு 720. ஆனால் கையில் எடுத்துக் காட்டும் அளவுக்குப் பொருள் கிடைக்கவில்லை.

அந்தக் குறை 1990-இல் தீர்ந்தது. ஹைடெல்பெர்க்கின் வொல்ஃப்காங் கிரேச்மரும் அரிசோனாவின் டொனால்ட் ஹஃப்மனும் தம் குழுவினரோடு கிராஃபைட் கோல்களை மின்சாரத்தால் சூடேற்றினர். கலத்துக்குள் ஹீலியம் மட்டும், வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. சுவரில் படிந்த புகைக்கரியைச் சுரண்டி பென்சீனில் போட்டதும் திரவம் செந்நிறமானது. கிராஃபைட் பென்சீனில் கரையாது. புகைக்கரியிலிருந்து நிறம் இறங்கியதென்றால் அதில் தனித்தனி மூலக்கூறுகள் இருந்தாக வேண்டும். ஃபுல்லரீன் வரலாற்றில் 1985-ஐவிட இந்தக் கணமே பெரிது என்று சொல்லலாம். அதன் பிறகுதான் எந்த ஆய்வகமும் இதைத் தானே செய்துபார்க்க முடிந்தது.

விரைவில் மின்வில் உலை வந்தது. இரண்டு கிராஃபைட் கோல்களுக்கு நடுவே சிறு இடைவெளி; அதில் எரியும் பிளாஸ்மா பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் கார்பனைச் சிதறடிக்கிறது. ஆனால் அந்தத் தகிப்பில் கூடு நிலைக்காது. ஆவி வெளியே விலகிக் குளிரும் வழியில்தான் அணுக்கள் சங்கிலியாக, வளையமாக, வலையாகச் சேர்கின்றன. வலையில் ஐங்கோணம் விழும் இடத்தில் தளம் வளைகிறது. பன்னிரண்டு ஐங்கோணங்கள் அமைந்தால் கூடு மூடிக்கொள்ளும். ஹீலியம், கார்பன் ஆவியின் ஓட்டத்தைத் தடுத்து, அணுக்கள் அடுக்கு மாறிச் சரியாக இணைய அவகாசம் தருகிறது. ஹைட்ரஜன் கலந்தால் அது ஓர அணுக்களில் ஒட்டிக்கொண்டு கூடு மூடுவதைக் கெடுக்கும். எனவே உலையில் ஈரமும் காற்றும் ஆகாது.

கிராஃபைட்டின் தாள்களே சுருண்டு கூடாகின்றனவா? கார்பன்-13 கலந்த கோல்களைக் கொண்டு செய்த சோதனைகள் இதற்கு விடை தந்தன. கார்பன்-12, கார்பன்-13 ஆகிய இரு ஐசோடோப்புகளும் கூடுகளில் சீராகக் கலந்திருந்தன. கார்பன் முதலில் தனித்துச் சிதறி, பின்பே புதிதாகச் சேர்கிறது. சேரும் வழி ஒன்றா பலவா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு: சிறு கூடு கார்பனை ஏற்று வளர்கிறது என்பது ஒரு தரப்பு, பெரிய கூடு அணுக்களை உதிர்த்துச் சுருங்குகிறது என்பது இன்னொரு தரப்பு.

பேரளவு உற்பத்திக்குச் சுடரில் எரித்துப் பெறும் எரிமுறை வந்துவிட்டாலும், லந்தனம் போன்ற உலோக அணுவைக் கூட்டுக்குள் அடைக்க மின்வில் முறையே இன்றும் முதன்மை. ஃபுல்லரீனின் கதை விண்வெளியிலும் தொடர்கிறது: குரோட்டோ முதலில் தேடியது விண்மீன்களைச் சுற்றியுள்ள கார்பன் சங்கிலிகளை. 2010-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி, டிசி 1 என்ற கோள்வடிவ நெபுலாவில் சி60, சி70 இரண்டையும் கண்டறிந்தது.